உலு மூடாக் காட்டில் நான்கு நாள்

‘சஃபாரி’ என்றதும் பலருக்கு ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் ‘பயணம்’ என்பதுதான் பொருள். அரபு மொழி வேரிலிருந்து பிறந்த சொல் அது. மலாய்மொழியில் வழிப்போக்கரைக் குறிக்கும் ‘முசாஃபிர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பயணம் செய்து விலங்குகளைப் பார்ப்பது என்ற பொருள் பின்னாளில் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

தான்சானியா நாட்டிலுள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்கா 1951-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 14,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்வெளிதான். மரங்கள் ஆங்காங்கேதான் நிற்கும். ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் மழையைத் தேடி ஆண்டுதோறும் அந்தச் சவன்னா வெளியில் இடம்பெயர்கின்றன. கூரை திறந்த வாகனத்தில் நின்றபடியே சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்துவிடலாம். தொலைக்காட்சியில் நாம் காணும் காட்சிகள் பெரும்பாலும் இத்தகைய வெளிகளில் எடுக்கப்பட்டவையே.

கெடா மாநிலத்திலும் பல நாள் தங்கிப் பார்க்கத்தக்க ஒரு காடு இருக்கிறது. சிக், பாலிங், பாடாங் தெராப் மாவட்டங்களின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டி, உலு மூடா வனப்பகுதி பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு 160,000 ஹெக்டருக்கும் மேல்; அதாவது, சிங்கப்பூரைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் இது புல்வெளி அன்று. பத்து அடி தூரத்தில் நிற்கும் யானையைக்கூட மறைத்துவிடும் அடர்ந்த மழைக்காடு. தொலைக்காட்சியில் பார்த்ததை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் நாளிலேயே ஏமாந்துபோவார்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து அங்கே சென்ற ஒரு குடும்பத்திற்கும் அப்படித்தான் ஆயிற்று. படிவம் மூன்றில் பயிலும் மகளின் விருப்பத்திற்காகத் தந்தை அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தார். எழுபது வயதைக் கடந்த பாட்டியும் உடன் வந்தார். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். “காட்டைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகணுமா? நாங்க பொழுது விடியறதுக்கு முன்னாடியே நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டு அந்தக் காட்டோரமாத்தானே நின்னோம்” என்று சொல்லிக்கொண்டேதான் வாகனத்தில் ஏறினார்.

குருண், ஜெனியாங், சிக் ஆகிய ஊர்களைக் கடந்து குபிர் படகுத்துறைக்குச் சாலை செல்கிறது. வழி நெடுகிலும் ரப்பர் மரங்களும் செம்பனை மரங்களும் நிரை நிரையாக நின்றன. ஒரு காலத்தில் இந்த மேடுகளும் காடாகத்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு விலை ஏறியபோது கெடாவின் காடுகள் தோட்டங்களாக மாறின. காட்டை வெட்டவும், மரத்தை நடவும், பாலைச் சேர்க்கவும் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டார்கள். ஆகவே, கெடாத் தமிழரின் வரலாறு காட்டின் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

உலு மூடா காப்புக்காடு என்பதால் உள்ளே செல்ல மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை வழிகாட்டியே முன்கூட்டிப் பெற்றிருந்தார். குபிரிலிருந்து அவருடைய படகு மூடா ஏரியைக் கடந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்றது. நீரின் நடுவே இலையில்லாத பட்ட மரங்கள் நின்றன. 1969-ஆம் ஆண்டில் மூடா அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய காட்டின் எச்சம் அது. ஒரு மரத்தின் உச்சியில் மீன்பருந்து ஒன்று அமர்ந்திருந்தது. ஏரி குறுகி ஆறாக மாறிய இடத்தில் படகு வேகத்தைக் குறைத்தது. இருபுறமும் காடு. அசைவே இல்லை.

“பாட்டி, இங்கே ஒண்ணுமே இல்லையே” என்றாள் பேத்தி.

“இல்லாம இல்லை கண்ணு. நம்ம சத்தம் கேட்டு ஒதுங்கி நிக்குது” என்றார் பாட்டி.

படகோட்டிய மலாய்க்காரப் பெரியவர் அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டவரைப்போல் சிரித்தார். காட்டுக்குள் போனதும் விலங்குகளின் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது என்பது மலாய்க் கிராமங்களின் பழைய வழக்கம். அதனால் புலியைத் ‘தோக் பெலாங்’ என்பார்கள். கோடுகளை உடைய பெரியவர் என்று பொருள். அவர் அதை விளக்கியதும், “எங்க தோட்டத்துலயும் அப்படித்தான். யானைன்னு சொல்ல மாட்டோம், பிள்ளையார்னுதான் சொல்லுவோம்” என்றார் பாட்டி. மகன் அதை மலாயில் எடுத்துச் சொன்னார். படகோட்டி தலையசைத்து, அன்று முதல் பாட்டியை ‘மக்சிக்’ என்று உரிமையோடு அழைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் காலையில் அவர்கள் நடந்து சென்றார்கள். அட்டை ஏறாமலிருக்க, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார்கள். மழைக்காட்டில் விலங்குகளைப் பார்ப்பதைவிட, அவை விட்டுச்சென்ற அடையாளங்களைப் படிப்பதே பெரும்பகுதி வேலை என்றார் வழிகாட்டி. மரப்பட்டையில் உயரத்தில் காணப்பட்ட நகக்கீறல், தேன்கூட்டைத் தேடி ஏறிய சூரியக் கரடியுடையது. சேற்றில் உழுததுபோல் கிடந்த மண், காட்டுப்பன்றிக் கூட்டம் கிளறியது. முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் பதிந்த தடம் தாப்பீருடையது.

ஓடையோரத்தில் தட்டு அளவில் வட்டத் தடங்கள் தெரிந்தன. வழிகாட்டி ஒரு கயிற்றை எடுத்து, முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளக்கும்படி மாணவியிடம் கொடுத்தார். கயிற்றின் நீளம் 115 செண்டிமீட்டர். “அதை இரண்டால் பெருக்கு” என்றார். 230 செண்டிமீட்டர் வந்தது. அதுவே அந்த யானையின் தோள் உயரம். முன்னங்கால் சுற்றளவின் இரு மடங்கு யானையின் உயரத்திற்கு ஏறக்குறைய ஒத்திருக்கும் என்பதை ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். யானையைக் காணாமலேயே அதன் உயரத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவள் அடுத்தடுத்த தடங்களையும் அளக்கத் தொடங்கினாள். அவற்றுள் ஒன்று மிகச் சிறியது. கூட்டத்தில் குட்டியும் இருந்திருக்கிறது.

தீபகற்ப மலேசியக் காடுகளில் ஏறக்குறைய 1,200 முதல் 1,700 யானைகள் வரை வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. புலிகளின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. 1950-களில் நாட்டில் 3,000 புலிகள் வரை இருந்ததாகக் கருதப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. சுமத்ரா காண்டாமிருகம் நம் நாட்டிலிருந்து மறைந்தே போனது. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சபாவில் இறந்தது. ஒரு காலத்தில் காடு முழுவதும் நடமாடிய விலங்கை இனி நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்க முடியும்.

அன்று மாலை அவர்கள் ஒரு ‘சீரா’வை அடைந்தார்கள். மண்ணிலும் ஊற்று நீரிலும் உப்புச் சத்து மிகுந்த இடத்தைக் கெடா மக்கள் சீரா என்கிறார்கள். இலையையும் புல்லையும் தின்னும் விலங்குகளுக்கு அவற்றிலிருந்து போதிய உப்புச் சத்து கிடைப்பதில்லை. அதனால் யானை, மிளா, தாப்பீர், கேளையாடு போன்றவை சீராவைத் தேடி வந்து நீரைக் குடிக்கின்றன, மண்ணை நக்குகின்றன. உலு மூடாவில் வெந்நீர் ஊற்றோடு கூடிய சீராவும் உண்டு. சவன்னாவில் விலங்குகள் கூடும் நீர்நிலையைப்போல, மழைக்காட்டில் அவை கூடும் இடம் இதுதான்.

காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, தார்ப்பாய் கட்டிய மறைவில் எல்லாரும் அமர்ந்தார்கள். மனித வாடை போனால் எதுவும் வராது. விளக்கு இல்லை, பேச்சு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் மிளா ஒன்று வந்து, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு நீர் குடித்தது. பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. நள்ளிரவில் கிளை முறியும் ஓசை கேட்டது. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது பழமொழி. இங்கே மணி கிடையாது. முறியும் மூங்கிலும், வயிற்றிலிருந்து எழும் தாழ்ந்த உறுமலும், காற்றில் வந்த வாடையும்தான் முன்னறிவிப்பு. மறைவிலிருந்து முப்பது மீட்டர் தூரத்தில், இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ அசைவதுபோல் தெரிந்தது. நீரை உறிஞ்சும் ஓசை கேட்டது. ஒன்றா, ஐந்தா என்று சொல்ல முடியவில்லை.

பேத்தி பாட்டியின் கையைப் பற்றினாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பாட்டியின் தந்தை தோட்டத்தில் இரவுக் காவலாளியாக இருந்தவர். புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகளை யானைகள் பிடுங்கிப் போடாமலிருக்க, இரவெல்லாம் தீ மூட்டித் தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அவர் வீடு திரும்பும்வரை தாயும் பிள்ளைகளும் லயத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விழித்திருப்பார்கள். அந்தத் தகர ஓசை நின்றுவிட்டால்தான் பயம் அதிகமாகும். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே உறுமலை அவர் தகர ஓசை இல்லாமல் கேட்டார்.

விடிந்ததும் சீராவுக்குச் சென்று பார்த்தார்கள். யானைகள் போய்விட்டிருந்தன. சேற்றில் பதிந்திருந்த பெரிய தடங்களுக்குள் ஊற்று நீர் மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. அத்தகைய குழிகளில் தவளைகள்கூட முட்டையிடும் என்றார் வழிகாட்டி. பாட்டி அதைக் குனிந்து பார்த்தார். “நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆற்றோரப் பயணம். உச்சி மரங்களிலிருந்து உங்கா என்னும் வாலில்லாக் குரங்குகள் கூவின. தலைக்கு மேல் நீராவி இரயில் போவதைப்போல் சிறகோசை எழுப்பிக்கொண்டு இருவாட்சிகள் இரண்டு பறந்து சென்றன. தீபகற்ப மலேசியாவில் பத்து வகை இருவாட்சிகள் உள்ளன. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு இடம் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவையே பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும். முதிர்ந்த பெருமரம் இல்லையேல் பொந்து இல்லை. பொந்து இல்லையேல் குஞ்சும் இல்லை. இருவாட்சி தின்ற பழத்தின் கொட்டைகள் வெகு தூரத்தில் விழுந்து முளைக்கின்றன. மரம் பறவையை வளர்க்கிறது. பறவை மரத்தை நடுகிறது.

ஆற்றங்கரையில் ஒரு துவாலாங் மரம் நின்றது. இவ்வகை மரம் 80 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. வெண்மையான வழுக்கும் பட்டையில் கரடி ஏற முடியாது என்பதால், மலைத்தேனீக்கள் அதன் கிளைகளில் பெரிய கூடுகளைக் கட்டுகின்றன. அருகிலுள்ள பெடு வட்டாரத்தில் தேன் எடுப்போர் நிலவில்லாத இரவில் மரமேறி, தணல் பொறிகளைக் கீழே சிதறவிடுவார்கள். தேனீக்கள் அந்தப் பொறிகளைத் துரத்திக்கொண்டு இறங்கும். தேன் எடுப்பவர்கள் மரத்தை வெட்டுவதில்லை. அடுத்த ஆண்டும் கூடு வேண்டுமே! இதைக் கேட்ட பாட்டி, பால்மரமும் அப்படித்தான் என்றார். ஆழமாகச் சீவினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரலாம். ஆனால் பட்டை காயப்பட்டு மரம் கெட்டுவிடும். கத்தி மரத்தின் தண்டைத் தொடாமல் சீவுபவரே நல்ல தொழிலாளி என்று பெயரெடுப்பார்.

நான்காம் நாள் திரும்பும் வழியில், படகோட்டி அணையின் பக்கம் கைகாட்டி ஒரு செய்தியைச் சொன்னார். இந்த ஏரியின் நீர் ஆறு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தின் வழியாகப் பெடு ஏரிக்கும் போகிறது. மூடாவுக்கு மழை நீரைச் சேர்த்துத் தரும் காடு பெரிது. ஆனால் ஏரி சிறிது. பெடுவுக்கோ ஏரி பெரிது; காடு சிறிது. ஆகவே இரண்டையும் இணைத்தார்கள். இத்திட்டத்தால் கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஏறக்குறைய 100,000 ஹெக்டர் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. 1970-ஆம் ஆண்டு முதல் மூடா விவசாய மேம்பாட்டு வாரியம் அந்த நீரைப் பகிர்ந்தளித்து வருகிறது.

அது மட்டுமன்று. சுங்கை மூடா ஜெனியாங்கையும் குவாலா கெட்டிலையும் நோக்கி ஓடி, பினாங்கு எல்லையை ஒட்டிச் சென்று கடலில் கலக்கிறது. சுங்கை பட்டாணி வட்டாரத்தின் குழாய்நீர் அந்த ஆற்றிலிருந்துதான் கிடைக்கிறது. பினாங்கு மாநிலமும் தனக்கு வேண்டிய நீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அதே ஆற்றிலிருந்து எடுக்கிறது. தோட்டத்து லயங்களிலும், தாமான் வீடுகளிலும், தொழிற்சாலைகளிலும் திறக்கும் நீரின் தொடக்கம் யானை கால் பதித்த அந்தக் காட்டில் இருக்கிறது.

காடு எப்படி நீரைத் தருகிறது? கனமழை பெய்யும்போது இலைகள் முதலில் அதைத் தாங்குகின்றன. தரையில் கிடக்கும் சருகும் வேர்களும் நீரை மெல்ல மண்ணுக்குள் இறக்குகின்றன. மழை நின்ற பிறகும் பல நாள்களுக்கு அந்நீர் ஓடைகளில் கசிந்துகொண்டே இருக்கும். மரங்களை அளவின்றி வெட்டினால், மழைநீர் மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரேயடியாக ஓடிவிடும். அடைமழைக் காலத்தில் வெள்ளம், கோடைக் காலத்தில் வறட்சி, ஏரியிலோ வண்டல். 2016-ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது மூடா ஏரியின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்துபோனதை வட மாநில மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் மரம் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். விடை அவ்வளவு எளிதன்று. நம் நாட்டின் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளன. வெட்டுமரத்திலிருந்து வரும் வருமானம் மாநிலத்தின் கருவூலத்திற்குச் செல்கிறது. நீரோ எல்லை தாண்டி அண்டை மாநிலத்திற்கும் பயன்படுகிறது. காட்டைக் காப்பதற்காக வருமானத்தை விட்டுக்கொடுக்கும் மாநிலத்திற்கு யார் ஈடு செய்வது? கெடா மாநிலம் இக்கேள்வியைப் பலமுறை எழுப்பியிருக்கிறது. இதற்கு ஒரு தொடக்கமாக, காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கென 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கூட்டரசு அரசாங்கம் 60 மில்லியன் ரிங்கிட்டை ஒதுக்கியது. அது போதுமா என்ற விவாதம் தொடர்கிறது.

காட்டோரத்தில் வாழ்பவர்களின் துன்பத்தையும் மறந்துவிடக் கூடாது. யானைக் கூட்டம் ஓர் இரவில் ஒரு சிறுதோட்டக்காரரின் பல மாத உழைப்பை அழித்துவிடும். வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையினர் தோட்டங்களுக்குள் புகும் யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் கொண்டுபோய் விடுகிறார்கள்; சில இடங்களில் மின்வேலி அமைக்கிறார்கள். ஆயினும், பழகிய காட்டைத் தேடி யானை திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவதும் உண்டு. அதன் வழித்தடம் வரைபடத்தில் இல்லை. தாய் யானையின் நினைவில் இருக்கிறது.

படகு குபிரை நெருங்கியபோது மாணவி, “உங்க அப்பா அந்த யானைங்களை விரட்டினது தப்பா பாட்டி?” என்று கேட்டாள். பாட்டி சற்று யோசித்தார்.

“தப்புன்னு எப்படிம்மா சொல்றது? கன்னு போச்சுன்னா எங்களுக்கு வேலை போயிடும், சோறு போயிடும். அதுக்கும் பசிதான். அப்போ இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. உனக்குத்தான் இப்போ தெரியுமே.”

அவள் பதில் சொல்லவில்லை. வழிகாட்டி கொடுத்த கயிற்றில் யானைத் தடத்தின் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

செரெங்கெட்டியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பார்க்கத்தான் வேண்டும். அது உலகின் செல்வம். ஆனால் அங்குள்ள புல்வெளி வாடினால் கெடா மக்களின் வீட்டுக் குழாய் வற்றிவிடாது. உலு மூடா அப்படியன்று. கோடைக் காலத்தில் மூடா ஏரியின் நீர்மட்டம் இத்தனை விழுக்காடு என்று நாளிதழ் செய்தி வெளியிடும். பெரும்பாலோர் அதை நெல் விவசாயிகளுக்கான செய்தி என்று கடந்துவிடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் சருகும், வேரும், இருவாட்சி நட்ட மரமும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அச்செய்தியை நின்று படிப்பார்கள். அப்படிப் படிப்பவர்கள் பெருகினால், காட்டைப் பற்றி முடிவெடுப்பவர்களும் அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.